ராஜ்தூத் 350-க்கு பிஸ்டன் வாங்கிய சுங்கக் கணக்கு

வெளிநாட்டில் இருந்து வண்டிக்கு உதிரிபாகம் வாங்குகிறவர்கள் பலரும் இணையத்தில் போட்டிருக்கும் விலையை ரூபாய்க்கு மாற்றி, அனுப்பும் செலவைச் சேர்த்து, அதோடு கணக்கை மூடிவிடுகிறார்கள். பெட்டி வீட்டுக்கு வருவதற்கு முன்னால் கூரியரிடம் இருந்து "இவ்வளவு கட்டினால்தான் விடுவிக்க முடியும்" என்று தகவல் வரும்போது திகைத்துப்போகிறார்கள். நான் காரைக்குடியில் கணக்கு எழுதிப் பிழைக்கிறவன். ஐந்தொகை போட்டுப் பழகிய ஊரில் பிறந்தவனுக்கு இந்தக் கணக்கையும் ஒருமுறை வரிவரியாக எழுதி வைக்க வேண்டும் என்று ரொம்ப நாளாக ஆசை.

வண்டி, அப்பா 1985-ல் வாங்கிய ராஜ்தூத் 350. யமஹாவின் ஆர்டி 350-ஐ எஸ்கார்ட்ஸ் நிறுவனம் இங்கே 1983 முதல் தயாரித்து விற்றது. இரண்டு சிலிண்டர், டூ ஸ்ட்ரோக். அந்தக் காலத்தில் மைலேஜைப் பார்த்துப் பயந்து பலர் விற்றார்கள், அப்பா விற்கவில்லை. கானாடுகாத்தான் தாண்டி திருச்சி ரோட்டில் அது பாடிக்கொண்டு போகும் சத்தத்தைக் கேட்டு வளர்ந்தவன் நான். 2022-ல் அது வெள்ளையாகப் புகைக்க ஆரம்பித்தது. செக்காலை ரோட்டுப் பக்கம் எங்கள் மெக்கானிக் அண்ணன் பிரித்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "தம்பி, கிராங்க் சீல் (கிராங்க் தண்டின் முனையில் காற்றும் ஆயிலும் புகாமல் அடைக்கும் ரப்பர் வளையம்) போயிடுச்சு. கியர் பாக்ஸ் ஆயில் உள்ள இறங்கி எரியுது. பிஸ்டனும் தேஞ்சிருக்கு, போர் எடுத்து (சிலிண்டர் துளையைக் கடைந்து அகலமாக்கி) ஓவர்சைஸ் பிஸ்டன் போடணும்."

புஷ் என்றால் இங்கேயே லேத்தில் கடைந்துவிடலாம். காரைக்குடிப் பட்டறைகளில் முடியாத கடைசல் வேலை குறைவு. ஆனால் கிராங்க் சீலும் பிஸ்டனும் அப்படி இல்லை. உள்ளூரில் கிடைத்த டூப்ளிகேட் சீல் கொஞ்ச நாளில் இறுகிப்போகிறது. சீல் வழியாகக் காற்றை இழுத்தால் கலவை மெலிந்து, சூடேறி, ஓடும்போதே பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். அது உயிர் சம்பந்தப்பட்ட விஷயம். அதனால் சீல், பிஸ்டன், ரிங், கேஸ்கட் எல்லாம் இங்கிலாந்தில் ஒரு கடையில் வாங்குவது என்று முடிவு செய்தேன்.

முதல் வேலை, விலையில் இருந்த அந்த நாட்டு வரியைக் கழிக்கச் சொன்னது. இங்கிலாந்துக் கடைகள் காட்டும் விலையில் 20 சதவீத வாட் வரி சேர்ந்திருக்கும். ஏற்றுமதிக்கு அது வேண்டியதில்லை. எனக்குத் தேவையானவற்றின் விலை நம் பணத்துக்கு 14,400 ரூபாய் வந்தது. மின்னஞ்சல் போட்டுக் கேட்டதும் 12,000 ஆக்கித் தந்தார்கள். இதில் மிச்சம் வெறும் 2,400 இல்லை. அந்த 2,400-க்கும் நம் ஊரில் சுங்கம் விழுந்திருக்கும்.

அப்புறம் சிங்கப்பூர் அத்தான். "கிஃப்ட்னு எழுதி அனுப்பச் சொல்லுங்க மாப்பிள்ளை, வரியே இருக்காது" என்றார். முன்பு அப்படி ஒரு சலுகை இருந்தது உண்மை. 2019 டிசம்பரில் அதை எடுத்துவிட்டார்கள். உயிர் காக்கும் மருந்துக்கும் ராக்கிக் கயிறுக்கும் மட்டும் விலக்கு உண்டு. மற்ற அன்பளிப்புக்கெல்லாம் முழு வரி. விலையைக் குறைத்து எழுதச் சொல்லும் யோசனையும் எனக்குப் பிடிக்காது. பெட்டி தொலைந்தால் காப்பீடு அந்தப் பொய் விலைக்குத்தான் கிடைக்கும், பிடிபட்டால் அபராதம் வேறு.

இனி கணக்கு. சுங்கத்துக்கான மதிப்பு என்பது பொருள் விலை மட்டும் இல்லை. அனுப்பும் செலவும் காப்பீடும் சேர்ந்தது. ஆனால் விமானத்தில் வரும் சரக்குக்கு அனுப்பும் செலவு எவ்வளவு ஆனாலும் பொருள் விலையில் 20 சதவீதத்துக்கு மேல் சேர்க்கக் கூடாது என்று 2007-ம் ஆண்டு சுங்க மதிப்பீட்டு விதிகளில் 10-வது விதி சொல்கிறது. காப்பீட்டுத் தொகை தெரியாவிட்டால் 1.125 சதவீதம். எனக்கு அனுப்பும் செலவு 3,500. விதிப்படி 2,400-தான் சேரும். காப்பீடு 135. ஆக மதிப்பு 14,535 ரூபாய்.

தனிநபர் சொந்த உபயோகத்துக்கு அஞ்சலிலோ விமானத்திலோ வரவழைக்கும் பொருளைச் சுங்கப் பட்டியலில் 9804 என்ற தலைப்பில் போடுவார்கள். 2022-ல் அதற்கு அடிப்படைச் சுங்க வரி 35 சதவீதம்: 5,087 ரூபாய். அந்த வரியின் மேல் 10 சதவீதம் சமூக நலக் கூடுதல் வரி: 509. இதோடு நிற்கவில்லை. மதிப்பு, சுங்கம், கூடுதல் வரி மூன்றையும் கூட்டி, வரும் 20,131-க்கு 28 சதவீதம் ஐஜிஎஸ்டி, அதாவது இறக்குமதிக்குப் போடும் ஜிஎஸ்டி: 5,637. வட்டிக்கு வட்டி போலத்தான், வரிக்கும் வரி. மொத்தம் 11,233. சதவீதத்தில் சொன்னால் 77.28.

இதே பிஸ்டன் கடைச் சரக்காக, எஞ்சின் பாகங்களுக்கு உரிய 8409 தலைப்பில் வந்திருந்தால் அடிப்படை வரி 15 சதவீதம்தான். மொத்தம் 49.12 சதவீதம், கிட்டத்தட்ட 7,140 ரூபாய். பொருள் ஒன்று, பெட்டி ஒன்று. யார் பெயரில், எதற்காக வருகிறது என்பதில் 4,000 ரூபாய்க்கு மேல் வித்தியாசம்.

கூரியர் நிறுவனம் அனுப்பிய முதல் கணக்கில் அனுப்பும் செலவு 3,500-ஐ முழுதாகச் சேர்த்திருந்தார்கள். விதியைக் காட்டி எழுதினேன். தொலைபேசியில் பேசிய பெண்ணுக்கு விஷயம் புரியவில்லை. விடாமல் மேலதிகாரிக்கு அனுப்பச் சொன்னேன். திருத்தி வந்தபோது 850 ரூபாய் குறைந்திருந்தது. ஆதார், பான் நகல் கேட்டார்கள், கொடுத்தேன். வரியை நமக்காக முன்பணமாகக் கட்டியதற்கு ஒரு சேவைக் கட்டணம், அதற்கு ஜிஎஸ்டி தனி. இந்தக் கட்டணம் பொருள் சிறிதானாலும் பெரிதானாலும் வருவதால், 600 ரூபாய் ரப்பர் வளையத்துக்குத் தனியாக ஒரு பெட்டி வரவழைப்பதில் அர்த்தமே இல்லை. சேர்த்து வாங்குங்கள். பழைய பாகம் என்றால் இன்னும் கவனம் வேண்டும். பில்லில் 'யூஸ்டு' என்று இருந்தால் அது கட்டுப்படுத்தப்பட்ட இறக்குமதி. வெளிநாட்டு வணிகத் தலைமை இயக்குநரகத்தின் அனுமதி இல்லாமல் வெளியே வராது.

இந்த இடத்தில் மனதில் உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். இறக்குமதி வரி எதற்கு? இங்கே அதே பொருளைச் செய்கிறவன் நஷ்டப்படக் கூடாது என்பதற்கு. நியாயம். ஹோசூரிலும் ஸ்ரீபெரும்புதூரிலும் வேலை செய்கிறவர்களுக்குப் பாதுகாப்பு வேண்டும். ஆனால் பல வருஷங்களுக்கு முன்பே தயாரிப்பு நின்றுபோன ஒரு வண்டியின் கிராங்க் சீலுக்கு 2022-ல் 77 சதவீதம் வாங்கி யாரைக் காப்பாற்றினோம்? பர்மாத் தேக்கும் இத்தாலிப் பளிங்கும் கப்பலில் கொண்டுவந்து வீடு கட்டிய ஊர் இது. அந்த வீடுகளைப் பராமரிக்க வேண்டும் என்று எல்லோரும் பேசுகிறார்கள், நானும் பேசுகிறேன். பழைய இயந்திரத்தை ஓடும் நிலையில் வைத்திருப்பதும் அதே மாதிரி மதிப்புள்ள வேலை. உற்பத்தி நின்றுபோன வண்டிகளின் பாகங்களுக்குத் தனியாக ஒரு குறைந்த விகிதம் வைத்தால் அரசுக்குப் பெரிய நஷ்டம் வராது.

2025 செப்டம்பர் 22 முதல் வாகன பாகங்களின் ஜிஎஸ்டி 28-ல் இருந்து 18 ஆனது நல்ல காரியம். சுங்கம் அதே 15 என்று வைத்தால் 8409-ல் என் 14,535-க்கு 5,446 ரூபாய்தான் வரும். சொந்த உபயோகப் பொருளுக்கான விகிதம் பட்ஜெட்டில் மாறக்கூடியது. அதனால் ஆர்டர் போடும் அன்று சுங்கத் துறையின் ஐஸ்கேட் தளத்தில் இருக்கும் சுங்கக் கணிப்பானில் எண்ணைப் போட்டுப் பார்த்துவிடுங்கள்.

மெக்கானிக் அண்ணனிடம் இந்தக் கணக்கை எழுதிக் காட்டியதும் உடனே பிடித்துக்கொண்டார். பட்டறை பெயரில் ஐஇசி, அதாவது இறக்குமதி-ஏற்றுமதிக் குறியீட்டு எண், எடுத்துக் கொடுத்தேன். அரசுக் கட்டணம் 500 ரூபாய். ஜிஎஸ்டி பதிவு ஏற்கெனவே இருப்பதால் இறக்குமதியில் கட்டும் ஐஜிஎஸ்டியை அவர் வரவில் எடுத்து, விற்பனையில் கட்ட வேண்டிய ஜிஎஸ்டியில் கழித்துக்கொள்ளலாம். தேவகோட்டை, பள்ளத்தூர், புதுக்கோட்டைப் பக்கம் ஓடும் ஆர்டிகளுக்கு வேண்டியதை அவரே மொத்தமாக வரவழைத்து, பில் போட்டு விற்கிறார். அடுத்த சரக்குக்கு இப்போது பட்டியல் எழுதிக்கொண்டிருக்கிறார். பிஸ்டன் வேண்டும் என்கிறவர்கள் ஒரிஜினல் போரா, ஓவர்சைஸா என்று அளந்து பார்த்துவிட்டு, அதற்கு ஏற்ற ரிங்கையும் சேர்த்தே சொல்லிவிடுங்கள். பெட்டி ஒன்றாக வந்தால் கட்டணமும் ஒன்றுதான்.