அயிரைக்கும் ஒரு தொட்டி

செப்டம்பர் 14

மீன் தொட்டி வந்து இறங்கிவிட்டது. இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரம். ஏறக்குறைய 55 லிட்டர் பிடிக்கும். கண்ணாடி, மணல், கல் எல்லாம் சேர்ந்தால் 75 கிலோவைத் தொடும்.

வளவு முற்றத்தில் வைத்தால் அழகாக இருக்கும் என்றாள் மனைவி. அழகுதான். ஆனால் அங்கே வெயில் நேராக இறங்கும்; ஒரே மாதத்தில் பச்சைப் பாசிதான் மிஞ்சும். ஆகவே இரண்டாம் கட்டுத் தாழ்வாரத்தில், சுவரோரமாக, தாத்தா காலத்துப் பர்மாத் தேக்கு மேசை மேல் ஏற்றினோம். அங்கேயும் ஒரு சிக்கல். கழுவிவிட்ட தண்ணீர் தானாக முற்றத்துக்கு ஓடட்டும் என்று அந்தக் காலத்துக் கொத்தனார் தளத்தைச் சற்றே சரித்துப் போட்டிருக்கிறார். ஆத்தங்குடிக் கல்லின் பூவேலையில் அந்தச் சரிவு கண்ணுக்குப் படாது. ரசமட்டம் காட்டிக்கொடுத்துவிட்டது. தொட்டி சாய்ந்து நின்றால் ஒரு பக்கத்து ஒட்டில் பாரம் கூடும். முன்னங்கால்களுக்கு அடியில் ஆப்பு வைத்து, தொட்டிக்கு அடியில் தெர்மோகோல் விரித்த பிறகுதான் குமிழி நடுவில் நின்றது.

செப்டம்பர் 17

தேவகோட்டை மச்சான் தொலைபேசியில் கேட்டார்: “மீன் விட்டாயிற்றா மாப்பிள்ளை?”

இன்னும் மூன்று நான்கு வாரம் ஆகும் என்றேன். வெறும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டா உட்கார்ந்திருக்கிறீர்கள் என்று சிரித்தார்.

சிரிக்கட்டும். மீன் கழிவிலிருந்து அம்மோனியா வரும். அதை ஒரு வகை பாக்டீரியா நைட்ரைட்டாக மாற்றும். நைட்ரைட்டை இன்னொரு வகை நைட்ரேட்டாக மாற்றும். முன்னிரண்டும் மீனுக்கு நஞ்சு. மூன்றாவதை வாரம் ஒருமுறை தண்ணீர் மாற்றிச் சமாளித்துவிடலாம். அந்த பாக்டீரியாக்கள் வடிகட்டியின் ஸ்பாஞ்சிலும் மணலிலும் குடியேற வேண்டும். அதற்காகத் தினம் ஒரு சிட்டிகை மீன் தீனியைப் போட்டு அழுகவிடுகிறேன். நண்பர் வீட்டுப் பழைய தொட்டியின் ஸ்பாஞ்சையும் வாங்கிவந்து பிழிந்துவிட்டேன். முதல் நாளே மீனையும் சேர்த்து விற்கும் கடைக்காரர்களுக்கு அடுத்த வாரமும் வியாபாரம் உண்டு.

செப்டம்பர் 28

நேற்றிரவு இடியோடு நல்ல மழை. ஓட்டிலிருந்து இறங்கிய முதல் தண்ணீரை முற்றத்தில் ஓடவிட்டு, பிறகு வந்ததைப் பிளாஸ்டிக் டிரம்மில் பிடித்தேன்.

எங்கள் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் கடினமானது. வெந்நீர்ப் பாத்திரத்தில் வெள்ளையாகப் படியும். நான் வளர்க்க நினைக்கும் மீன்களோ மென்னீரில் பிறந்த வகைகள். மழைநீரை மட்டும் ஊற்றினாலும் ஆகாது. அதில் உப்புச் சத்து ஏதும் இல்லாததால் அமிலத்தன்மை சட்டென்று ஏறிவிடும். பாதிக்குப் பாதி கலந்து, சோதனைக் காகிதத்தை நனைத்துப் பார்த்தேன்: பி.ஹெச். 7, அமிலமும் இல்லை, காரமும் இல்லை. போதும்.

அயித்தைக்குத்தான் மனத்தாங்கல். பரணில் அத்தனை பெரிய செப்பு அண்டா இருக்கும்போது பிளாஸ்டிக் எதற்கு என்கிறார். மழைநீரைச் செம்பில் பிடித்துக் குடித்து வளர்ந்தவர். நமக்கு ஒத்துக்கொள்வது மீனுக்கு ஒத்துக்கொள்ளாது அயித்தை, செம்பு தண்ணீரில் கரையும், மென்னீரில் அதன் நஞ்சு இன்னும் கூடுதலாக வேலை செய்யும், இறாலும் நத்தையும் முதலில் சாகும் என்றேன். “அப்படியானால் எங்களுக்கு மட்டும் ஏன் ஒன்றும் ஆகவில்லை?” என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார்.

அக்டோபர் 12

அம்மோனியா இல்லை, நைட்ரைட் இல்லை. மீன் வாங்கப் போனேன்.

கடையில் முதலில் நீட்டியது டைகர் பார்ப். துறுதுறுவென்று இருக்கும், மற்ற மீன்களின் துடுப்பைக் கடித்துக் குதறும். அடுத்து ஏஞ்சல். அது வளர்ந்ததும் சின்ன மீனை விழுங்கும். மூன்றாவதாக விரல் நீள ஆஸ்கார் குஞ்சு. ஓரடி வளரும் மீன் அது! வேண்டாம், வேண்டாம் என்று சொல்லிச் சொல்லி வாய் வலித்தது.

எட்டு ஹார்லிக்வின் ராஸ்போரா, ஒரு ஜோடி தேன் கௌராமி. அவ்வளவுதான். ராஸ்போராவுக்குச் சொந்த ஊர் மலேசியா, சிங்கப்பூர், சுமத்ரா, தெற்குத் தாய்லாந்து. செம்பு நிற உடம்பில் வாலை நோக்கிக் குறுகும் கறுப்பு முக்கோணம். ஆறுக்குக் குறைந்தால் மிரண்டு மூலையில் ஒதுங்கும். கூட்டமாக இருந்தால்தான் நிறமே ஏறும். கௌராமி கங்கை, பிரம்மபுத்திராப் பக்கத்து மீன். மூச்சுக்கு அவ்வப்போது மேலே வந்து ஒரு வாய் காற்றும் வாங்கிக்கொள்ளும்.

பர்மா மீன் ஒன்றின் மேல் ஆசை இருந்தது. அங்கே 2006இல்தான் உலகின் கண்ணில் பட்ட, கருநீல உடம்பில் முத்துப் புள்ளி வைத்த குட்டி டானியோ. பர்மாவிலிருந்து தேக்கை உத்தரம் உத்தரமாகக் கப்பலேற்றிக் கொண்டுவந்த நம்மவர்கள் அதை மட்டும் விட்டுவிட்டார்கள். ஆனால் அது குளிர்ந்த மேட்டுநிலத்து மீன். சித்திரை வெயிலில் இங்கே அதைப் படுத்த வேண்டாம் என்று விட்டேன்.

நாட்டு வாதாம் சருகு இரண்டு போட்டிருக்கிறேன். தண்ணீர் பால் ஊற்றாத தேநீர் நிறத்துக்கு வந்திருக்கிறது. அழுக்கு என்கிறாள் மனைவி. ராஸ்போராக்கள் அப்படி நினைப்பதாகத் தெரியவில்லை.

அக்டோபர் 26

புரட்டாசி முடிந்து மீன் கடைகள் களைகட்டிவிட்டன. காரைக்குடியில் ஓர் அம்மாள் அகன்ற பாத்திரத்தில் உயிர் அயிரை வைத்திருந்தார். எட்டு மட்டும் கேட்டேன்.

“எட்டு மீனை வைத்து எந்தக் குழம்பு வைப்பீர்கள் தம்பி?”

வளர்க்கப் போகிறேன் என்றதும் பக்கத்துக் கடைக்காரரையும் கூப்பிட்டு அந்தச் செய்தியைச் சொன்னார். காசு வாங்கவில்லை. வற்புறுத்திக் கொடுத்தேன்.

நம் ஊரில் அயிரை என்றால் தேங்காய்ப் பாலில் விட்டு மண்ணைக் கக்கவைத்து, புளி கரைத்துக் கொதிக்கவிடும் சங்கதி. தொட்டிக்கு இதைவிடச் சாதுவான மீன் கிடைக்குமா? விரல் நீளத்தைத் தாண்டாது, யாரையும் துரத்தாது, நம் சூட்டுக்கும் பழகியது. வயல், வாய்க்கால் எங்கிருந்து வந்ததோ, என்ன நோயைச் சுமந்திருக்கிறதோ. அதனால் இரண்டு வாரம் தனி வாளியில் வைத்திருக்கிறேன்.

நவம்பர் 3

மூன்று நாளாக மழை. டிரம் நிரம்பிவிட்டது.

நவம்பர் 9

அயிரைகளைத் தொட்டிக்கு மாற்றினேன். வலையால் அள்ளவில்லை, கண்ணுக்குக் கீழே மடக்கி வைத்திருக்கும் சிறு முள் வலையில் மாட்டிக்கொள்ளும். டம்ளரில் ஓட்டிப் பிடித்தேன்.

விட்ட மறுகணம் எட்டும் மணலுக்குள் போய்விட்டன. பிறகு ஒவ்வொரு ஜோடிக் கண்ணாக வெளியே வந்தது. ஒன்று மீசையால் தடவிக்கொண்டே வந்து ஒரு வாய் மணலை அள்ளியது. சற்று நின்றது. தின்னத் தகுந்ததை வாயில் நிறுத்திக்கொண்டு, மணல் மட்டும் இரு செவுள் வழியாகவும் மெல்லிய தாரையாக ஒழுகியது. கூர்மையான சரளைக் கல்லில் இந்த மீசை தேய்ந்துபோகும். பொடிமணல் போட்டது இதற்காகத்தான். அரை மணி நேரம் பார்த்திருப்பேன். சாம்பார் ஆறிவிட்டது.

நவம்பர் 23

ஆண் கௌராமிக்குத் தொண்டை கறுத்து, உடம்பு தேன் நிறத்துக்கு ஏறிவிட்டது. மிதக்கும் செடிக்கு அடியில் குமிழிக் கூடு கட்டுகிறது. குஞ்சு பொரித்தாலும் ராஸ்போராக்கள் விட்டுவைக்காது. சாது என்பதெல்லாம் வாய்க்குள் அடங்காத மீனிடம்தான்.

மச்சான் நேரில் வந்து பார்த்தார். அரோவானா வைத்தால் பணம் சேரும் என்றார். அது வளரும் நீளத்துக்கு இந்தத் தொட்டியில் திரும்பக்கூட முடியாது என்றேன்.

வாரம் கால்வாசித் தண்ணீர் மாற்றுகிறேன். அதில் மழைநீர் ஏழு லிட்டர். 200 லிட்டர் டிரம் வைகாசி வரை வரும் என்று கணக்குப் பார்த்தால், கோடையில் ஆவியாகும் தண்ணீரை மறந்ததாகிவிடும். அதையும் மழைநீரால்தான் ஈடுகட்ட வேண்டும். கிணற்றுத் தண்ணீரை ஊற்றினால் உப்பு ஏறிக்கொண்டே போகும். மழை ஓய்வதற்குள் இன்னொரு டிரம் வேண்டும். இரண்டாம் கட்டில் அதற்கு இடம் கொடுக்க அயித்தை ஒப்புக்கொண்டார். அடுத்த முறை அந்த அம்மாளிடம் போகும்போது அரைக் கிலோ அயிரையாக வாங்கிவர வேண்டுமாம், குழம்புக்கு.