எந்த டயரை எப்போது மாற்றுவது: டர்பன் பட்டறை அனுபவங்கள்

டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் டயர் பட்டறை ஒன்றின் மேற்பார்வையாளராகப் பணிபுரியும் என்னிடம் வாடிக்கையாளர்கள் அதிகம் கேட்பது, "அண்ணா, இது இன்னும் எவ்வளவு நாள் ஓடும்?" என்பதைத்தான். தென்னாப்பிரிக்கச் சட்டப்படி டயரின் பள்ளம் அதன் அகலம் முழுவதும் குறைந்தது 1 மில்லிமீட்டர் ஆழம் இருக்க வேண்டும், பள்ளங்களுக்குள் 1.6 மி.மீ. உயரத்தில் வார்க்கப்பட்டிருக்கும் தேய்மான அடையாளங்கள் மேற்பரப்போடு சமமாகிவிட்டாலும் டயரை மாற்றியாக வேண்டும். ஆனால் இங்கே கோடைக்காலம்தான் மழைக்காலம். புதிய காரின் டயரில் ஏறத்தாழ 8 மி.மீ. இருக்கும் பள்ளமே சக்கரத்தின் அடியில் சேரும் நீரை வெளியே தள்ளுகிறது என்பதால், அது ஆழம் குறையக் குறைய, வேகமாகச் செல்லும் வண்டி சாலையைத் தொடாமல் நீரின் மேல் வழுக்கத் தொடங்கும். ஆகவே 3 மி.மீ. ஆனதுமே மாற்றிவிடுங்கள் என்கிறேன்; ஜோகன்னஸ்பர்க் போக என்3 நெடுஞ்சாலையில் வான் ரீனன் கணவாயைக் கடப்பவர்களிடம் இதைச் சற்று அழுத்தியே சொல்வேன்.

தனியார் காருக்கு இந்நாட்டில் ஆண்டுதோறும் தகுதிச் சோதனை கிடையாது. உரிமையாளர் மாறும்போதுதான் தகுதிச் சான்றிதழ் தேவைப்படுகிறது. எனவே உரிமையாளரே பார்த்தால்தான் உண்டு, பார்ப்பவர்களும் நின்ற இடத்திலிருந்து வெளிப்புறத்தை மட்டுமே பார்க்கிறார்கள். 2022 ஏப்ரல் வெள்ளம் சிதைத்த சாலைகளின் குழிகளில் இறங்கி ஏறிய வண்டிகள் பல, வெளியே நல்ல பள்ளத்தோடும் உள்விளிம்பில் கம்பி தெரியும் அளவு தேய்மானத்தோடும் வந்தன. ஸ்டீயரிங்கை முழுவதும் திருப்பி வைத்தால் முன்சக்கரங்களின் உட்பக்கம் தெரியும். ஒரு விளிம்பு மட்டும் தேய்ந்திருந்தால் பெரும்பாலும் வீல் அலைன்மென்ட், அதாவது சக்கரங்கள் நிற்கும் கோணத்தில் கோளாறு, இரு விளிம்புகளும் தேய்ந்திருந்தால் காற்றுக் குறைவு, நடுப்பகுதி தேய்ந்திருந்தால் காற்று மிகுதி. காரணத்தைச் சரிசெய்யாமல் புது டயர் விற்பதை நான் நேர்மையான வியாபாரமாகக் கருதுவதில்லை.

கோயிலுக்கும் கடைக்கும் மட்டும் காரை எடுக்கும் முதியவர்களிடம் பேசுவதுதான் கடினம். பள்ளம் புதிதுபோல இருக்கும். பக்கச் சுவரிலோ வெயிலும் வயதும் சேர்ந்து உண்டாக்கிய மெல்லிய வெடிப்புகள் ஓடும். அவர்களிடம் பக்கச் சுவரிலுள்ள நான்கு இலக்கங்களைக் காட்டுவேன்: 2314 என்றால் 2014ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் செய்யப்பட்டது. ஐந்து ஆண்டுகளுக்குப் பிறகு ஆண்டுதோறும் சோதிப்பதும், பத்து ஆண்டுகளைக் கடந்ததைத் தயங்காமல் கழற்றுவதும் அவசியம்.

இரண்டு டயர்கள் மட்டும் வாங்குபவர்கள், இன்ஜின் முன்சக்கரங்களைத்தானே இழுக்கிறது என்று புதியவற்றை முன்னால் போடச் சொல்கிறார்கள். நான் அவற்றைப் பின்னால் போடவே வற்புறுத்துகிறேன். ஈரச் சாலையில் முன்சக்கரம் வழுக்கினால் வேகத்தைக் குறைத்துப் பெரும்பாலும் சமாளித்துவிடலாம். பின்சக்கரம் வழுக்கினால் வண்டியே சுழன்றுவிடும், சாதாரண ஓட்டுநரால் அதை மீட்பது அரிது. இதை விளக்கக் கூடுதலாகச் சில நிமிடங்கள் ஆகும், வரிசையில் நிற்பவர்கள் முணுமுணுக்கவும் செய்வார்கள். இருந்தாலும் விளக்காமல் நான் சாவியைத் திருப்பிக் கொடுப்பதில்லை.