சந்திரசிலாவுக்கு இருட்டிலேயே கிளம்புங்கள்

ஏப்ரல் முதல் வாரம், உத்தராகண்ட் மலைகளில் உள்ள சோப்தா. அதிகாலை மூன்றரைக்குத் தலையில் டார்ச்சைக் கட்டிக்கொண்டு கிளம்பினோம். சந்திரசிலா மலையுச்சி வரைக்கும் ஐந்து கிலோமீட்டர்தான், ஆனால் முழுக்க ஏற்றம். "தீதி (அக்கா), பத்து மணிக்குள் பனியை விட்டு இறங்கிவிட வேண்டும்" என்று வழிகாட்டித் தம்பி முந்தின நாள் இரவே சொல்லிவிட்டான்.

ஏன் என்பது நடக்கும்போதுதான் புரிந்தது. வசந்தகாலத்துப் பனி பகலில் இளகி, ராத்திரியில் மறுபடி இறுகிவிடும். விடியற்காலையில் அது சிமெண்டுத் தரை மாதிரி இருக்கிறது, ஷூவுக்கு மேல் வாடகைக்கு எடுத்த ஸ்பைக்ஸை மாட்டிக்கொண்டால் கறுக் கறுக்கென்று பிடித்துக்கொள்கிறது. வழியில் இருக்கும் துங்கநாத் சிவன் கோயில் வரை கல் பாவிய பாதை உண்டு, ஆனால் மேலே போகப் போக எல்லாமே பனிக்குள் புதைந்து, ஒரே வெள்ளைச் சரிவுதான்.

துங்கநாத் கோயில் சாத்தியிருந்தது. பஞ்ச கேதாரங்கள் எனும் ஐந்து சிவன் கோயில்களில் இதுதான் மிக உயரத்தில் இருப்பது. குளிர்காலத்தில் உற்சவர் கீழே மக்கூமட் கிராமத்துக்குப் போய்விடுவார். பூட்டிய கதவுக்கு முன்னால் கும்பிட்டுவிட்டு நிமிர்ந்தால், எதிரே சௌகம்பா மலையின் உச்சியில் மட்டும் வெயில் பட்டிருக்கிறது! கீழே நாங்கள் நிற்கும் இடமெல்லாம் இன்னும் நீலமாக இருக்க, அங்கே மட்டும் செம்பு நிறம். குளிரில் விரல் மரத்துப்போனதுகூட மறந்துவிட்டது.

அங்கிருந்து உச்சிக்குக் கடைசி ஒன்றரைக் கிலோமீட்டர்தான் உயிரை வாங்கியது. செங்குத்து. பத்தடிக்கு ஒரு தடவை நின்று மூச்சு வாங்கி, தம்பி குத்திக்கொடுத்த படிகளிலேயே கால் வைத்து ஏறினேன். மேலே கங்கைக்கு ஒரு சின்னக் கோயில், அப்புறம் நாலா பக்கமும் மலைகள். நந்தாதேவி, திரிசூல், கேதார்நாத் சிகரம் என்று அவன் ஒவ்வொன்றாகக் காட்டக் காட்ட எனக்குக் கண் கலங்கிவிட்டது, காற்றினால் மட்டும் இல்லை.

இறங்க ஆரம்பிக்கும்போதே தாமதமாகிவிட்டது. காலையில் சிமெண்டாக இருந்த அதே சரிவு வெயில் ஏறியதும் ஈரச் சர்க்கரை மாதிரி ஆகி, முழங்கால் வரை உள்ளே போகிறது, ஒவ்வொரு காலையும் பிடுங்கி எடுக்க வேண்டியிருக்கிறது. அந்த நேரத்தில்தான் சாதாரண ஷூவோடு, கறுப்புக் கண்ணாடிகூட இல்லாமல் சிலர் மேலே ஏறிக்கொண்டிருந்தார்கள். தயவுசெய்து அப்படிப் போகாதீர்கள். பனியில் பட்டுத் திரும்பும் வெயில் கண்ணைப் பதம் பார்த்துவிடும், வழுக்கினால் பிடித்துக்கொள்ள அந்தச் சரிவில் ஒரு செடிகூடக் கிடையாது.

கீழே காட்டுக்குள் நுழைந்ததும் புராஞ்ச் (ரோடோடென்ட்ரான்) மரங்கள், ரத்தச் சிவப்பில் கொத்துக் கொத்தாகப் பூத்திருந்தன. இருட்டில் ஏறும்போது இவற்றுக்கு நடுவேதான் போயிருக்கிறோம், ஒன்றுமே தெரியவில்லை. உதிர்ந்த பூக்கள் மிச்சப் பனியின் மேல் கிடந்தன. சோப்தா கடையில் அந்தப் பூவிலேயே செய்த சர்பத் கொடுத்தார்கள், லேசான புளிப்பு. இரண்டு டம்ளர் குடித்தேன்.