ஒப்பீட்டு மரபணுவையும் சோதித்தாக வேண்டும்

காட்பாடியில் உயிரணு வளர்ப்பில் ஈடுபட்டுள்ள எனக்கு, மரபணு வெளிப்பாட்டைக் கியூபிசிஆர் முறையில் அளக்கும்போது, ஜிஏபிடிஹெச் என்னும் மரபணுவைச் சோதிக்காமலேயே ஒப்பீட்டு மரபணுவாக, அதாவது மாறாத அளவுகோலாக, ஏற்கும் வழக்கம் உடன்பாடானதன்று. அம்மரபணுவைப் பெருக்கத் தேவையான பிரைமர் என்னும் சிறு டிஎன்ஏ துண்டு ஏற்கெனவே பெட்டியில் இருக்கிறது என்பதே பலருக்குப் போதுமான காரணமாகிவிடுகிறது. குளுக்கோஸைச் சிதைக்கும் நொதியொன்றை உருவாக்கும் அம்மரபணு, ஆக்சிஜன் குறைந்த சூழலில் பலவகை உயிரணுக்களில் தானே கூடுதலாக வெளிப்படுவதால், நாம் தேடும் மரபணுவின் உண்மையான உயர்வு கணக்கில் குறைந்தோ மறைந்தோ தோன்றும்; சிடி மதிப்பு (பெருக்கத்தின் சமிக்ஞை குறித்த அளவைத் தொடும் சுழற்சியின் எண்) ஒரு சுழற்சி விலகினாலே விடை ஏறத்தாழ இரு மடங்கு பிசகும். வளர்ப்பு ஊடகத்தில் சீரத்தை (இரத்தத்தின் தெளிநீரை) நிறுத்தி மீண்டும் சேர்க்கும் சோதனைகளில், வழக்கமான மற்றோர் ஒப்பீட்டு மரபணுவான பீட்டா ஆக்டினும் நிலையாக நிற்பதில்லை.

2002இல் வெளியான ஜீநார்ம் முறை, பல மரபணுக்களை இணையிணையாக ஒப்பிட்டு, நிலையற்றவற்றை ஒவ்வொன்றாக நீக்கி, எஞ்சியவற்றின் பெருக்கல் சராசரியை எடுக்கச் சொல்கிறது. ஆனால் ஒன்றாகவே ஏறி இறங்கும் மரபணுக்கள் அதில் நிலையானவைபோல் தப்பிவிடக்கூடும் என்பதால், வெவ்வேறு பணிகளைச் செய்பவற்றையே முதலில் பட்டியலில் சேர்க்கிறேன்.