வெள்ளைக் காக்கையும் கறுப்பு ஆடும்

மாஸ்கோவில் ரஷ்யர்களுக்குச் சாயங்கால நேரத்தில் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன். போன வாரம் ஒரு மாணவிக்கு வீடியோவில் நேர்காணல் ஒத்திகை. தூலா நகரத்துக்காரர், கணக்கர். “உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்” என்றதும் தயங்காமல் ஆரம்பித்தார்: “ஐ ஆம் த ப்ளாக் ஷீப் ஆஃப் மை ஃபேமிலி.”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. குடும்பத்தின் மானத்தை வாங்கிய பிள்ளை என்றல்லவா அதற்கு அர்த்தம்! விசாரித்தால், வீட்டில் எல்லோரும் டாக்டர்கள், இவர் மட்டும் கணக்குப் பக்கம் வந்தவர். ரஷ்யனில் இப்படிப்பட்டவரை ‘பேலயா வரோனா’ என்பார்கள். வெள்ளைக் காக்கை. கூட்டத்திலிருந்து மாறுபட்டவர், அவ்வளவுதான். ஏதோ ஒரு பட்டியலில் காக்கைக்கு நேரே கறுப்பு ஆட்டைப் போட்டிருக்கிறார்கள். இவரும் நம்பி மனப்பாடம் செய்துவிட்டார்.

சம்பந்தமே இல்லாத தொடர்கள் தொல்லை தருவதில்லை. பூனையும் நாயுமாக மழை பெய்கிறது என்று ஆங்கிலத்தில் சொன்னால் சிரிப்பார்கள். ‘எங்களுக்கு வாளியிலிருந்து கொட்டும்’ என்று நோட்டில் குறித்துக்கொள்வார்கள், மறக்க மாட்டார்கள். பாதி ஒத்துப்போவதுதான் ஆளைக் கவிழ்க்கும்.

பூனையும் பையும் அப்படித்தான். ‘லெட் த கேட் அவுட் ஆஃப் த பேக்’ என்றால் ரகசியத்தை வெளியே விட்டுவிடுவது. ரஷ்யனிலும் சாக்குக்குள் ஒரு பூனை உண்டு, ஆனால் அது பிரித்துப் பார்க்காமல் வாங்கிய பொருள். அதற்கு ஆங்கிலத்தில் சாக்குக்குள் இருப்பது பன்றி: ‘பிக் இன் எ போக்’.

காது விஷயத்தில் எனக்குத் தனிப் பிரியம். பொய் சொல்லி ஏமாற்றுவதை ரஷ்யர்கள் ‘காதில் நூடுல்ஸ் தொங்கவிடுவது’ என்பார்கள். நாம் பூ சுற்றுகிறோம். ஆங்கிலத்தில் காலை இழுப்பதை இதற்கு ஈடாகச் சொல்லிக்கொடுக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. காலை இழுப்பது விளையாட்டுக்கு, நூடுல்ஸில் அந்தச் செல்லம் கிடையாது.

நிலக்கரிக்குப் பேர்போன நியூகாஸிலுக்கே நிலக்கரி கொண்டுபோகும் கதை மட்டும் அந்த மாணவிக்கு உடனே பிடிபட்டது. தூலாவில் 1778-லேயே லிசித்ஸின் சகோதரர்கள் சமோவார் (டீக்கு வெந்நீர் கொதிக்கவைக்கும் பாத்திரம்) பட்டறை வைத்துவிட்டார்கள். ‘தூலாவுக்குச் சொந்த சமோவாரோடு போகாதே’ என்பது அங்கே சின்னக் குழந்தைக்கும் தெரியும். நம்ம கொல்லன் தெருவில் ஊசி விற்கிற கதையைச் சொன்னேன். அதையும் எழுதிக்கொண்டார்.

அப்புறம் ஆட்டை எடுத்துவிட்டு, “வீட்டில் எல்லோரும் டாக்டர்கள், எனக்குப் பிடித்தது எண்கள்” என்று வெறுமனே சொல்லவைத்தேன். அதுவே போதும்.

முடிக்கும்போது ‘ப்ரேக் எ லெக்’ என்று வாழ்த்தினேன். கால் உடையட்டும் என்பதைக் கேட்டு அவர் மிரளவில்லை. அவர்களும் பரீட்சைக்குப் போகிறவரைப் பார்த்து ‘மென்மயிரும் வேண்டாம், இறகும் வேண்டாம்’ என்பார்கள், வேட்டைக்காரர்களின் பழைய வாழ்த்து. அதற்கு நன்றி சொல்லக் கூடாது, ‘க் சோர்த்து’, பிசாசிடம் போ என்றுதான் பதில் சொல்ல வேண்டும். “ஆங்கிலத்தில் தேங்க்ஸ் சொன்னால் தப்பில்லை” என்றேன். அவருக்கு மனசு வரவில்லை. மெல்லிய குரலில் ‘க் சோர்த்து’ என்றுவிட்டுத்தான் இணைப்பைத் துண்டித்தார்.