எந்த விலங்கைத் தேட வேண்டும்?

என் தங்கைக்கு மாடு, ஆடு, பன்றி எதுவும் ஆகாது. பிடிக்காமல் இல்லை, சாப்பிட்டால் உடம்பு தாங்காது. எல்லாம் ஒரு உண்ணிக் கடியில் தொடங்கியது. பாலூட்டி விலங்குகளின் இறைச்சியில் ஆல்ஃபா-கேல் என்று ஒரு சர்க்கரை உண்டு. சில வகை உண்ணிகள் கடித்த பிறகு சிலருடைய உடம்புக்கு அந்தச் சர்க்கரை எதிரியாகிவிடுகிறது. கோழியிலும் மீனிலும் அது கிடையாது. அதனால் இரண்டு வருடமாகக் கோழியும் மீனுமாக நிம்மதியாகத்தான் இருந்தாள்.

ஒரு ராத்திரி ஒரு மணிக்கு போன். "அக்கா, உடம்பெல்லாம் தடிச்சிருக்கு, உதடு வீங்குது."

ஆஸ்பத்திரியில் ஊசி போட்டு விடியும் வரை படுக்க வைத்திருந்தார்கள். என்ன சாப்பிட்டாள் என்று டாக்டர் கேட்டபோது, "புதுசா ஒண்ணும் இல்லை டாக்டர்" என்றுதான் இரண்டு பேரும் சொன்னோம். இந்த ஒவ்வாமையின் கெட்ட குணமே அதுதான். சாப்பிட்ட கையோடு தெரியாது. இரண்டு மணி நேரம் கழித்தோ ஆறு மணி நேரம் கழித்தோதான் வெளியே வரும். எட்டு மணிச் சாப்பாட்டை ஒரு மணித் தடிப்போடு சேர்த்துப் பார்க்க யாருக்குத் தோன்றும்? மறுநாள் உட்கார்ந்து கணக்குப் போட்டபோதுதான் உறைத்தது. அன்றைக்கு அவள் சாப்பிட்டதில் தன் கையால் சமைக்காதது ஒன்றே ஒன்று: கோழி சாசேஜ். பேக்கெட்டின் முன்பக்கம் கோழிப் படம், பின்பக்கம் உட்பொருள் பட்டியலில் முதல் வரி கோழி இறைச்சி.

நல்லவேளை, பேக்கெட் இன்னும் குப்பைக்கூடையில்தான் இருந்தது. அதைத் துடைத்து எடுத்து, பேட்ச் எண்ணும் தேதியும் தெரிகிற மாதிரி போட்டோ எடுத்தேன். இந்த விஷயத்தில் நான் யோசிக்காமலே சரியாகச் செய்த ஒரே காரியம் அதுதான்.

அடுத்து கம்பெனியின் கஸ்டமர் கேருக்கு எழுதினேன். இரண்டாம் நாள் பணிவான பதில்: எங்கள் தயாரிப்பு முழுக்கக் கோழிதான், மீதமுள்ளதை அனுப்பி வையுங்கள், எங்கள் லேபில் பார்த்துச் சொல்கிறோம். அனுப்பக் கிளம்பியே விட்டேன். தங்கைதான் தடுத்தாள். "திருட்டு கொடுத்தவங்க பொருளைத் திருடன்கிட்டயே கொடுத்து எண்ணச் சொல்வாங்களா அக்கா?" அப்போது அவர்கள் திருடர்கள் என்று எங்களுக்குத் தெரியாது, இப்போதும் அந்த வார்த்தையை நான் சொல்ல மாட்டேன். ஆனாலும் அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. கையிலிருக்கும் ஒரே சாட்சியை எதிர்த்தரப்புக்கு அனுப்பிவிட்டால் பிறகு பேச ஒன்றும் இருக்காது.

உணவுப் பாதுகாப்பு அலுவலகத்தில் கிடைத்த பதில் வேறு மாதிரி. பிரித்த பேக்கெட் சாட்சியாக நிற்காது, அதில் நீங்களே எதையாவது கலந்திருக்கலாம் என்று எதிர்த்தரப்பு சொல்லும் என்றார் அந்த அதிகாரி. கோபம் வந்தது, யோசித்துப் பார்த்தால் சரிதான். அவர்கள் நடவடிக்கை எடுக்க வேண்டுமானால் அவர்களே கடையிலோ ஆலையிலோ மாதிரி எடுத்து, சீல் வைத்து, கையெழுத்து வாங்கி அனுப்ப வேண்டும். நாம் தனியாகச் செய்யும் சோதனை அவர்களை அசைப்பதற்கு மட்டும் உதவும். அன்று மாலையே அதே பேட்ச் எண் போட்ட பிரிக்காத பேக்கெட் மூன்று தேடி வாங்கி, ரசீதோடு ஃப்ரீசரில் வைத்தேன். ஒன்று லேபுக்கு, ஒன்று மறுசோதனைக்கு, ஒன்று சும்மா.

லேப் விஷயத்தில்தான் நான் அதிகம் கற்றுக்கொண்டேன். "இதில் என்ன இறைச்சி இருக்கு என்று பார்த்துச் சொல்லுங்கள்" என்று போனில் கேட்டேன். மறுமுனையில் இருந்த பெண் சிரித்துவிட்டு, "எந்த விலங்கைத் தேடணும் மேடம்?" என்றார். எனக்குப் புரியவில்லை. அவர் பொறுமையாக விளக்கினார். இறைச்சியில் இருக்கும் டிஎன்ஏவை வைத்து விலங்கைக் கண்டுபிடிப்பதுதான் வழக்கமாகச் செய்யும் பிசிஆர் சோதனை. அதில் ஒவ்வொரு விலங்குக்கும் தனித்தனித் தூண்டில். மாட்டுத் தூண்டில் போட்டால் மாடு மாட்டும், பன்றித் தூண்டில் போட்டால் பன்றி மாட்டும். போடாத தூண்டிலில் எதுவும் மாட்டாது. ரிப்போர்ட்டில் அந்த விலங்கின் பெயரே வராது. உள்ளே இருக்கும் எல்லா டிஎன்ஏவையும் ஒரே மூச்சில் படித்துப் பார்க்கும் முறையும் உண்டு, ஆனால் செலவு அதிகம், எல்லா லேபிலும் கிடையாது.

2013 ஜனவரியில் ஐரோப்பாவைக் கலக்கிய குதிரை இறைச்சி விவகாரம் அப்போதுதான் எனக்கு முழுதாக விளங்கியது. அயர்லாந்தின் உணவுப் பாதுகாப்பு ஆணையம் மாட்டிறைச்சி பர்கர் 27 வகைகளைச் சோதித்தது. அதில் 10-இல் குதிரை டிஎன்ஏ, 23-இல் பன்றி டிஎன்ஏ. ஒரு பர்கரில் மாட்டோடு ஒப்பிட்டால் குதிரை 29 சதவீதம். குதிரைத் தூண்டிலைப் போட்டதால் மாட்டியது. அவர்கள் பன்றியை மட்டும் தேடியிருந்தால், அந்த பர்கர்கள் எத்தனை நாள் மாட்டிறைச்சி என்ற பெயரிலேயே விற்றிருக்கும்?

நான் பன்றி ஒன்றை மட்டும் கேட்பதாக இருந்தேன். மலிவான இறைச்சி என்றதும் எனக்குத் தோன்றியது அதுதான். இந்தப் பேச்சுக்குப் பிறகு மாடு, எருமை, ஆடு, பன்றி எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்தேன்.

அந்தப் பெண் கேட்ட இரண்டாவது கேள்வி இன்னும் முக்கியமானது. "உறையோட அரைக்கவா, உரிச்சுட்டு அரைக்கவா?" சாசேஜின் மேல்தோல் கோழியாக இருக்க வேண்டும் என்று ஒன்றும் இல்லை. மாட்டுத் தோலிலிருந்து எடுக்கும் கொலாஜன் என்ற புரதத்தில் செய்த உறைகள் எங்கும் புழக்கத்தில் இருக்கின்றன. பேக்கெட்டை மறுபடி எடுத்துப் பார்த்தேன். கடைசி வரியில் பொடி எழுத்தில் "கொலாஜன் உறை" என்று இருந்தது. எந்த விலங்கின் கொலாஜன் என்று இல்லை. தங்கை அந்த வரியைப் படித்தாளாம், ஆனால் கொலாஜன் என்றால் ஏதோ மாவுப் பொருள் என்று நினைத்துக்கொண்டாளாம். இரண்டு வருடமாக லேபிள் படித்தே வாழ்கிறவள் அவள்! உறையோடு அரைத்து மாடு என்று வந்திருந்தால், "அது உறைதான், அதைத்தான் எழுதியிருக்கிறோமே" என்று கம்பெனி சொல்லியிருக்கும், நாங்களும் வாயை மூடியிருப்போம். அதனால் உள்ளே இருப்பதைத் தனியாக, உறையைத் தனியாக, இரண்டு சோதனை.

ஐஸ் பெட்டியில் வைத்து அனுப்பினேன். லேபுக்கு ஐஎஸ்ஓ 17025 அங்கீகாரம் (சோதனைக் கூடங்களுக்கான சர்வதேசத் தரச் சான்று) இருக்கிறதா என்று பார்த்தால் மட்டும் போதாது, இந்தக் குறிப்பிட்ட சோதனைக்கு இருக்கிறதா என்று பட்டியலில் பார்க்க வேண்டும். தண்ணீர்ச் சோதனைக்கு வாங்கிய அங்கீகாரத்தைக் காட்டி இறைச்சி ரிப்போர்ட் கொடுத்தால் அது அலுவலகத்தில் நிற்காது.

பன்னிரண்டு நாளில் ரிப்போர்ட் வந்தது. பன்றி, ஆடு, எருமை இல்லை. உறையில் மாடு. உள்ளேயும் மாடு. அது கொஞ்சநஞ்சமும் இல்லை, ஒரு சதவீதத்தை நன்றாகத் தாண்டியிருந்தது. இந்த ஒரு சதவீதத்துக்கு ஒரு கணக்கு இருக்கிறது. ஒரே இயந்திரத்தில் காலையில் மாடும் மதியம் கோழியும் அரைத்தால், கழுவினாலும் துளி ஒட்டிக்கொண்டிருக்கும். பிரிட்டன் போன்ற இடங்களில் ஒரு சதவீதத்துக்குக் கீழே இருந்தால் அப்படி ஒட்டியது என்றும், மேலே போனால் கலப்படமா என்று விசாரிக்க வேண்டியது என்றும் எடுத்துக்கொள்கிறார்கள். இன்னொன்றையும் லேபில் எச்சரித்தார்கள்: அது டிஎன்ஏ விகிதம், எடை விகிதம் இல்லை. கொழுப்பிலும் சதையிலும் டிஎன்ஏ ஒரே அளவில் இருக்காது. அதனால் "இத்தனை கிராம் மாட்டிறைச்சி" என்று எங்கேயும் எழுதிவிடாதீர்கள் என்றார்கள். நான் புகாரில் அப்படியே எழுதி வைத்திருந்தேன், அழித்தேன்.

ரிப்போர்ட்டைப் பார்த்ததும் கம்பெனியின் குரல் மாறியது. முதலில் இயந்திரம் பொது என்றார்கள். பிறகு வெளியிலிருந்து வாங்கும் அரைத்த இறைச்சிக் கட்டியில் தவறு நடந்திருக்கலாம் என்றார்கள். நடுவில் ஒரு பரிசுப் பெட்டி அனுப்பட்டுமா என்றும் கேட்டார்கள். உள்ளே என்ன இருக்கும் என்று கேட்டேன், அவர்களுடைய தயாரிப்புகள்தானாம்.

அலுவலகத்தில் புகாரைப் பதியும்போது இன்னொரு முட்டுக்கட்டை. ஒவ்வாமை என்ற தலைப்பில் பதிந்தால் வேகமாக நகரும் என்று நினைத்தேன். ஆனால் லேபிளில் கட்டாயம் சொல்ல வேண்டிய ஒவ்வாமைப் பொருட்களின் பட்டியலில் பால், முட்டை, வேர்க்கடலை எல்லாம் உண்டு, மாட்டிறைச்சி கிடையாது. ஆஸ்பத்திரிச் சீட்டு கையில் இருந்தும், கோப்பு "தவறான லேபிள்" என்ற தலைப்பில்தான் போயிற்று. அந்த வரிசை மெதுவாக நகரும் வரிசை. டாக்டரிடம் ஒரு கடிதம் வாங்கி இணைத்த பிறகுதான் அதிகாரிகள் கடைக்குப் போய் மாதிரி எடுத்தார்கள். அவர்களுடைய முடிவும் மாடு என்றே வந்தது. அந்த பேட்ச்சைத் திரும்பப் பெறும் அறிவிப்பில் ஒரே வரி: "உட்பொருள் விவரத்தில் பிழை."

மற்ற பேட்ச்களைப் பற்றிக் கேட்டு எழுதியிருக்கிறேன். இன்னும் பதில் இல்லை. கோப்பு மூடும் வரை கடைசிப் பேக்கெட்டைத் தூக்கிப் போட வேண்டாம் என்று அதிகாரி சொல்லியிருப்பதால், தேதி எழுதி ஒட்டிய அந்தச் சாசேஜ் என் ஃப்ரீசரின் கீழ்த்தட்டில்தான் இருக்கிறது. தங்கை வந்தால் அந்தத் தட்டைத் திறப்பதில்லை. முழுக் கோழியாக வாங்கி, கண் முன்னால் வெட்டச் சொல்லி எடுத்து வருகிறாள்.