லாஸ் வேகஸில் நியானைப் படமெடுத்துப் பார்த்தேன்

இரவுப் படம் எடுப்பவர்களுக்கு லாஸ் வேகஸ் என்றால் ஒரு மயக்கம் உண்டு. எனக்கும் நெடுநாள் ஆசை. போய் இறங்கியதும் புரிந்த முதல் விஷயம், அங்கே இரவு இருட்டுவதே இல்லை. ஸ்ட்ரிப் என்கிற அந்த 7 கிலோமீட்டர் சாலையில், நடைபாதையில் நின்றே பேப்பர் படிக்கலாம். ட்ரைபாடை அறையிலேயே வைத்துவிட்டு 35 மி.மீ. லென்ஸோடு கிளம்பினேன். லென்ஸ் திறப்பு எஃப்/2.8, ஒளியுணர்திறன் ஐஎஸ்ஓ 800, ஷட்டர் 1/125 விநாடி. தெருவுக்கு இதுவே தாராளம்.

பொழுது சாய்ந்த பின் வரும் அரைமணி நேரத்தை விட்டுவிடாதீர்கள். வானத்தின் கருநீலமும் விளக்குகளின் வெளிச்சமும் ஏறக்குறைய ஒரே அளவுக்கு வந்து நிற்கும். மேற்கே கட்டடங்களுக்கு நடுவில் மலை விளிம்பு தெரியும். நிற்பது பாலைவனம் என்று படம் பார்ப்பவருக்கும் உறைக்கும். வானம் முழுசாகக் கறுத்துவிட்டால் மிஞ்சுவது விளக்குக் கூட்டம் மட்டும்தான்.

நடைமேம்பாலங்களின் மேலிருந்து சாலை அருமையாகத் தெரியும். ஆனால் அங்கே நிற்கக் கூடாது என்று 2024-இல் ஸ்ட்ரிப்பை நிர்வகிக்கும் கிளார்க் கவுன்டி (மாவட்டம் மாதிரி) சட்டம் போட்டுவிட்டது. கீழே சிக்னல் ஓரத்திலிருந்துதான் எடுத்தேன்.

பெல்லாஜியோ ஹோட்டல் முன்னாலுள்ள நீரூற்று 140 மீட்டர் வரை பீய்ச்சும். ஷட்டரை 1/250 விநாடியில் வைத்தால் படத்தில் துளித்துளியாக விழுகிறது. கைப்பிடிச் சுவரில் கேமராவை ஊன்றி 1/4 விநாடி வைத்தால் பட்டுத் துணி மாதிரி. எனக்குத் துளிகள்தான் பிடித்தன. 2023-இல் திறந்த ஸ்ஃபியர் என்கிற உருண்டை அரங்கத்தின் வெளிப்புறம் முழுக்க எல்இடி. கேமராவின் எலக்ட்ரானிக் ஷட்டரில் படம் கோடுகோடாக விழ வாய்ப்பு அதிகம், மெக்கானிக்கல் ஷட்டருக்கு மாறிவிடுங்கள்.

மனசைப் பறிகொடுத்தது ஃப்ரீமான்ட் தெருவில். 1931-இல் நெவாடாவில் சூதாட்டம் சட்டபூர்வமான பிறகு களைகட்டிய பழைய தெரு அது. இன்று மேலே எல்இடி கூரை. அதன் கீழே 1951-இலிருந்து நிற்கிறான் வேகஸ் விக், சிகரெட்டோடு நிற்கும் நியான் விளக்குக் கௌபாய். ஒரு காலத்தில் கையை ஆட்டிக்கொண்டு பேசவும் செய்வான்.

நியானை டெலி லென்ஸில் கிட்டே இழுத்துப் பார்த்தால்தான் அதன் கைவேலை தெரியும். ஒரே கண்ணாடிக் குழாயைச் சூடாக்கி வளைத்து எழுத்தாக்கியிருப்பார்கள். ஓர் எழுத்திலிருந்து அடுத்த எழுத்துக்குக் குழாய் தாண்டும் இடத்தில் வெளிச்சம் கசியாமலிருக்கக் கறுப்புப் பெயின்ட் பூசியிருக்கும். தூரத்தில் நிற்பவர் கண்ணுக்கு அது படவே படாது.

இந்தக் குழாய்களைக் கேமராவின் ஒளிமீட்டர் காட்டும் அளவில் எடுத்தால் நடுப்பகுதி வெளுத்து, ஓரம் மட்டும் சிவப்பாக நிற்கும். எக்ஸ்போஷரை, அதாவது உள்ளே விடும் ஒளியை, ஒன்றரை ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் பாதி ஒளி) குறைத்ததும் நியான் வாயுவுக்கே உரிய செம்மஞ்சள் அப்படியே வந்தது. ஒளி அளவைக் காட்டும் வரைபடமான ஹிஸ்டோகிராமை மொத்தமாக நம்பாமல் சிவப்பு நிறத்துக்கான சேனலைத் தனியாகப் பாருங்கள், முதலில் அடிவாங்குவது அதுதான். நம்மூர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அமெரிக்காவில் 60. ஒரு சுற்றுக்கு இரண்டு வீதம் பழைய நியான் விநாடிக்கு 120 தடவை துடிக்கும். முழுத் துடிப்பும் படத்தில் அடங்க வேண்டும், அதனால் ஷட்டரை 1/60 அல்லது 1/125 விநாடியில் நிறுத்தினேன். 1/500-க்குப் போனதும் ஒரு ஃப்ரேமில் பளிச்சென்றும் அடுத்ததில் மங்கலாகவும் விழுந்தது.

ரா ஃபைல்களில் (கேமரா பதப்படுத்தாமல் தரும் படங்கள்) இன்னும் வெள்ளைச் சமநிலை, அதாவது நிறச் சாயலைச் சரிசெய்யும் வேலை பாக்கி இருக்கிறது. 4000 கெல்வினில் வைத்தால் வானமும் குழாயும் ஒத்துப்போகின்றன. ஃப்ரீமான்ட் படங்களை முதலில் முடிக்கப் போகிறேன், ஸ்ட்ரிப் படங்கள் பிறகு.